மொட்டை ஓரம்

அண்ணனின் கை நடுங்குகிறது என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால், அவரே வாய்விட்டு ஒத்துக்கொள்வதற்கு வெகு முன்னால், தங்கை ரிப்பன் அக்காவின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வேலை அப்படி. தொப்பிக் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, அண்ணன் வெட்டித் தரும் ஃபெல்ட் தொப்பிகளின் ஓரத்துக்கு ரிப்பன் கட்டுவாள். தைப்பதற்கு முன் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓரத்தைப் பிடித்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது பழக்கம். வருடக்கணக்காக அந்த விரல்கள், பின்பக்கத்தில் பழகிப்போன ஒரு சின்னத் தட்டலைத் தவிர, தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கின்றன. அன்றைக்கு ஒரு பழுப்புத் தொப்பியின் வலது பக்கம் வந்தபோது விரல் சற்றே ஏறி இறங்கியது. மறுபடி ஓட்டினாள். மறுபடி ஏறி இறங்கியது. தூக்கக் கலக்கத்தில் வெட்டியிருப்பார் என்று நினைத்து, மேட்டைக் கத்தரிக்கோலால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ரிப்பனை மடித்துத் தைத்துவிட்டாள். அடுத்த தொப்பியிலும் அலை இருந்தது. அதற்கு அடுத்ததில் இரண்டு இடத்தில் இருந்தது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அந்த அலைகளே நினைவாக இருந்தன. அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. இந்த மனிதர் எப்போதிலிருந்து பைக்குள் கைவிட்டு நடக்க ஆரம்பித்தார்?

ஃபெல்ட் தொப்பியைச் சுற்றி நிற்கும் இறக்கைக்கு ஓரம் இரண்டு விதம். வெட்டினதை வெட்டினபடியே தேய்த்து வழவழப்பாக்கி விட்டுவிடுவது ஒன்று. கடையில் அதற்கு மொட்டை ஓரம் என்று பெயர். வெட்டின ஓரத்தை ரிப்பனால் மூடித் தைப்பது இன்னொன்று. மொட்டைக்கு ஃபெல்ட் தடிப்பாக, இறுக்கமாக இருக்க வேண்டும், வெட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். ரிப்பன் கொஞ்சம் தாராள மனசு. மெல்லிய ஃபெல்ட்டைத் தொங்காமல் பிடித்துக்கொள்ளும், மழைக்கும் முரட்டுக் கைக்கும் ஈடுகொடுக்கும், வெட்டில் உள்ள கோணல்மாணலை வெளியே சொல்லாது. மொட்டை பிடிக்காவிட்டால் பிறகு ரிப்பன் கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டின ரிப்பனைப் பிரித்தால் ஊசித் துளைகள் வரிசையாகப் பல்லை இளிக்கும். அந்த அகலத்தையே வெட்டி எறிந்தால்தான் மறுபடி மொட்டை.

அண்ணன் மொட்டைக் கட்சி. சின்னக் கட்சி அல்ல, அதன் தலைவர், தொண்டர், மேடைப் பேச்சாளர் எல்லாம் அவரே. ஒருவர் கண்ணாடி முன் நின்று, "ரிப்பன் வச்சா எப்படி இருக்கும்?" என்று சும்மா கேட்டுவிட்டால் போதும், பிரசங்கம் ஆரம்பமாகிவிடும்.

"நல்ல ஃபெல்ட்டுக்குக் கட்டு எதுக்கு சார்? அடிபட்டவனுக்குத்தான் கட்டு."

பின்னறையிலிருந்து தங்கையின் குரல் வரும். "அப்ப நான் என்ன நர்ஸா?"

"ஆமா. நான் வெட்டுவேன், நீ கட்டுப் போடு."

தெருவில் அவருக்குக் 'கத்தி' என்று பெயர் வந்ததற்குக் கையில் இருந்த கத்தி பாதிக் காரணம், வாய் மீதிக் காரணம்.

அவள் அந்தக் கடைக்கு வந்தது கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு. அண்ணன்தான் போய்ப் பெட்டியோடு அழைத்துவந்தார். மறுநாள் காலை அவள் முன்னால் ஒரு தொப்பிக் குவியலையும் ரிப்பன் சுருளையும் வைத்து, "அழணும்னா அழு. கையை மட்டும் நிறுத்தாதே" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, ஆர்டர் தலைக்கு மேல் நின்றதால் சொன்னாரா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அழுதுகொண்டே கட்டினாள். முதல் தொப்பிகளில் ஒன்றுக்கு, ரிப்பனை முதலில் ஆவியில் காட்டிச் சுருக்கிக்கொள்ளாமல் அப்படியே தைத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் மழையில் நனைந்தார். நனைந்த ரிப்பன் சுருங்கி, இறக்கையை நாலாபக்கமும் மேலே இழுத்து, தலையில் காலிஃபிளவரைக் கவிழ்த்தது போல ஆக்கிவிட்டது. அவர் அந்தக் கோலத்திலேயே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கடைக்கு வந்தார். அவளைப் பார்த்துத் திட்டவில்லை. "என் தலைக்குள்ளே தண்ணி ஊத்திச் செடி வளர்க்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். புருஷன் போன பிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ரிப்பன் அக்கா என்ற பெயரும் அன்றைக்குத்தான் வந்தது.

இப்படிப்பட்ட அண்ணன் திடீரென்று கட்சி மாறினார். வருகிறவர்களிடமெல்லாம் ரிப்பன் கட்டிக்கொள்ளச் சொன்னார். கல்லாவில் உட்காரும் அண்ணிக்கு வாயடைத்துப்போயிற்று. அண்ணிக்கு வாயடைப்பதென்றால் ஒரு நிமிஷம்தான்.

"என்னங்க இது? நேத்து வரைக்கும் ரிப்பன்னாலே மூஞ்சியைச் சுளிப்பீங்க. இப்ப வர்றவன் போறவனுக்கெல்லாம் கட்டி விடுறீங்க."

"காலம் மாறுதில்ல?"

"காலம் மாறும். நீங்க எங்க மாறுவீங்க? டீ கிளாசைக்கூட மாத்த விடமாட்டீங்களே."

டீ கிளாஸ். ரிப்பன் அக்கா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்த டீயைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொல்லி, பாதி ஆறும்வரை விட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது குனிந்து உறிஞ்சினார்.

வெட்டுகிற கருவி எளிமையானது. வளைந்த ஒரு மரக்கட்டை, அதில் தள்ளித் தள்ளி வைக்கக்கூடிய ஒரு கத்தி. கட்டையை, இறக்கை தொடங்கும் இடமான தொப்பியின் கழுத்தோடு அழுத்திக்கொண்டு சுற்றிவந்தால் கத்தி எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் வெட்டிக்கொண்டே வரும். அழுத்துகிற கை அசைந்தால் கத்தி உள்ளே போகும், அல்லது வெளியே போகும். அவ்வளவுதான் ரகசியம். அலைகள் பெரிதாக ஆக அவள் சீவுவதும் அதிகமானது. குறுகலான ரிப்பன் மூடப் போதவில்லை. அகல ரிப்பனுக்கு மாறினாள்.

"எல்லாத்துக்கும் ஏன் அகலமாவே கட்டுறே?" என்று அண்ணி கேட்டாள்.

"இப்ப அதான் அண்ணி போகுது."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். கூத்து என்னவென்றால், கொஞ்ச நாளில் உண்மையிலேயே அதுதான் போனது. பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்து, "அந்த அகல ரிப்பன் மாதிரி வேணும்" என்று கேட்டார்கள். அண்ணி பெருமையோடு, "எங்க நாத்தனார் கண்டுபிடிச்சது" என்றாள்.

ரிப்பன் அக்காவுக்கோ உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. ஏற்கெனவே சுருக்கிவைத்த ரிப்பன்களை எடுத்து மறுபடி ஆவியில் காட்டினாள். தொப்பிக்கு உருக்கொடுக்க ஏற்றிவைக்கும் மரத்தலைகளை அளவு வாரியாக அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கினாள். சொல்லிவிடலாமா? சொன்னால், அந்த மனிதருக்கு அந்தக் கத்தியைத் தவிர வேறென்ன இருக்கிறது? சொல்லாவிட்டால்? ரிப்பன் கேட்கிறவரைக்கும் அவள் மறைத்துக்கொண்டிருக்கலாம். யாராவது மொட்டை ஓரம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், அந்தத் தொப்பி அவள் மேசைக்கே வராது. அண்ணன் கையிலிருந்து நேரே தெருவுக்குப் போய்விடும். தெரு படித்துவிடும்.

ஒற்றைக்காலில் நின்றது வாட்ச்காரர்தான்.

"மக ஊருக்குப் போறேன்டா. பேரனை இன்னும் பார்க்கலை. தாத்தா இறங்கும்போதே கெத்தா இறங்கணும். மேல் தட்டுல ரொம்ப நாளா ஒரு கருப்பு ஃபெல்ட் வச்சிருக்கியே, முயல் ரோமம், அதை எடு. இறக்கை நல்லா அகலமா. ஓரம் மொட்டை."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "ரிப்பன் கட்டிடலாமே. பயணம் போறே. கூட்டம், பெட்டி, மழை..."

"என்னது?"

"ஓரம் அடிபடாம இருக்கும்னு சொல்றேன்."

"டேய், அடிபட்டவனுக்குத்தான் கட்டுன்னு எனக்கு ஓதினது யாரு? இத்தனை வருஷமா உன் பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு நான் வாட்ச் ரிப்பேரே மறந்துட்டேன். அது போகட்டும், உன் தங்கச்சி ரிப்பன் என்னை என்ன கோலம் பண்ணிச்சுன்னு மறந்துபோச்சா?"

பின்னறையிலிருந்து அவள் கத்தினாள். "வாட்ச் அண்ணே, அது எந்தக் காலத்துக் கதை!"

"உனக்குக் கதைம்மா. எனக்குத் தலை."

ஊசியை ரிப்பனில் குத்தியபடியே வைத்துவிட்டு அவள் எழுந்துவந்து வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, "சரி, மொட்டையே வச்சிடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வாட்ச்காரர் தலைமுடி கனம் உள்ள கம்பியில் பழுது கண்டுபிடிக்கிறவர். அவர் கண்ணில் படாமல் ஓரத்தில் ஒரு அலை தப்பவே தப்பாது.

கருப்பு ஃபெல்ட்டை ஆவி பிடித்து மரத்தலையில் ஏற்றியாயிற்று. வெட்டாத இறக்கை யானைக் காது போல விரிந்து மேசையில் கிடந்தது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கத்தியைத் தீட்டினார். தீட்டின கத்தியைத் திரும்பத் தீட்டினார். எதிர்க்கடையிலிருந்து வாட்ச்காரர் சத்தம் போட்டார். "என்னடா ஆச்சு?"

"ஃபெல்ட் இன்னும் ஆறலை!"

"ஆறுறதுக்கு அது என்ன சோறா?"

அந்த வாரம் கடை மூடியிருந்த நாளில் அவளால் வீட்டில் இருக்கவே முடியவில்லை. துவைத்தாள், துவைத்ததை நகர்த்தி நகர்த்திக் காயப்போட்டாள். அண்ணனைக் காணவில்லை. காற்றாட நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார் என்றாள் அண்ணி.

"நானும் கடை வரைக்கும் போயிட்டு வரேன் அண்ணி. மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன்."

"தலைல இருக்கிறது என்னது?"

"இது வேற" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

கடையின் முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே அண்ணன் மேசைக்கு முன்னால், முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். தரையில் கருப்பு வளையங்கள் கிடந்தன. முதல் வளையம் தடியாக இருந்தது, இறக்கையை அளவுக்குக் கொண்டுவர வெட்டினது. மற்றவையெல்லாம் மெல்லியவை, அறுந்தவை. அவளுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஓரத்தில் அலை விழுந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி இன்னொரு சுற்று வெட்டியிருக்கிறார். அதில் வேறொரு இடத்தில் அலை. அதையும் சரிசெய்ய இன்னொரு சுற்று. ஆடுகிற மேசைக்குக் காலை மாற்றி மாற்றி அறுக்கிறவனைப் போல, நல்ல அகல இறக்கையை நூல் நூலாகத் தின்றுவிட்டார். ஃபெல்ட்டை வெட்டத்தான் முடியும், வளர்க்க முடியாது.

அவர் திரும்பவில்லை. "கதவைச் சாத்து. குளிருது."

சாத்தினாள். குனிந்து வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கை சும்மா இருக்கவில்லை.

"என்கிட்ட ஏன்ணே சொல்லலே?"

"நீ ஏன் என்கிட்ட சொல்லலே?"

அவள் நிமிர்ந்தாள்.

"நான் வெட்டின ஓரம் எனக்குத் தெரியாதா? ரிப்பனை அமுக்கிப் பார்த்தா உள்ள எல்லாம் சீவின ஓரம். ஒவ்வொரு தொப்பியா அமுக்கிப் பார்ப்பேன். இன்னைக்காவது வந்து கேப்பா, இன்னைக்காவது திட்டுவான்னு பார்ப்பேன். நீ பாட்டுக்கு அகல அகலமா கட்டிக்கிட்டே போறே."

"கேட்டா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"கேக்காம இருந்து மட்டும் என்னத்தைக் கண்டோம்? இந்தா, பாரு." தொப்பியைக் காட்டினார். ஓரத்தில் இன்னும் ஒரு அலை இருந்தது. சின்னதுதான். ஆனால் இன்னும் ஒரே ஒரு சுற்றுக்குத்தான் இறக்கையில் இடம் இருந்தது. அதற்கு மேல் போனால் அது தொப்பியே இல்லை, கிண்ணம்.

"ரிப்பன் கட்டிடலாம்ணே. நான் பார்த்துக்கிறேன். வாட்ச் அண்ணன்கிட்ட நான் பேசுறேன்."

"அவன் மொட்டை கேட்டான்."

"அவரு என்ன கேட்டாருங்கிறதா இப்ப முக்கியம்?"

"முக்கியம்தான்." கத்திக்கட்டை அவர் கையிலேயே இருந்தது, மேசை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது, அவர் தட்டாமலே. பிறகு அதை அவள் பக்கம் நீட்டினார். "நீ வெட்டு."

"நானா? நான் ஊசி பிடிக்கிறவ. தப்பாப் போனா பிரிச்சுத் தைப்பேன். இதுல பிரிக்க என்ன இருக்கு?"

"அதான் சொல்றேன், வெட்டு. உன் கையை ஒரு இடத்துலயே வச்சுக்கோ. நான் தொப்பியைச் சுத்துறேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுச் சுத்தினா எனக்கு ஆட்டம் கொஞ்சம் அடங்குது."

அப்படி யாரும் அந்தக் கடையில் வெட்டியதில்லை. ஒருவரே தொப்பியைப் பிடித்து ஒருவரே கத்தியை ஓட்டுவதுதான் வழக்கம். அவள் கட்டையைக் கழுத்தோடு அழுத்தினாள். அண்ணன் மரத்தலையின் அடியை இரண்டு கையாலும் பற்றி மெல்லச் சுற்றினார். "அழுத்து. இன்னும் அழுத்து. மூச்சு விடு, செத்துத் தொலையாதே" என்று முணுமுணுத்தார். கருப்பு நூல் போல ஒரு வளையம் கத்திக்குப் பின்னால் சுருண்டு சுருண்டு இறங்கியது. தொடங்கின இடத்துக்கே கத்தி வந்து சேர்ந்தபோது அது அறுபடாமல் முழுசாகத் தரையில் விழுந்தது.

அவள் விரலை ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து உடனே எழுந்துகொண்டாள்.

வாட்ச்காரர் வந்து தொப்பியைக் கண்ணாடி முன் வைத்துக்கொண்டார்.

"இறக்கை எங்கடா?"

"இருக்கே."

"அகலமான்னு சொன்னேன். இது மழை வந்தா மூக்குக்கு மட்டும்தான் குடை." தொப்பியைக் கழற்றினார். பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஓரத்தைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். திரைக்குப் பின்னால் ரிப்பன் அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். "வெட்டு நல்லாத்தான் இருக்கு... எங்கடா உன் இடம்?"

"எந்த இடம்?"

"பின்பக்கம் இடது ஓரத்துல உன் வெட்டுல எப்பவும் ஒரு சின்னத் தழும்பு இருக்குமே. கத்தியைக் கை மாத்திப் பிடிக்கிற இடம். நீ என்னதான் தேய்ச்சாலும் எனக்குத் தெரியும். இதுல அது இல்லை." பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இது நீ வெட்டினது இல்லை."

அண்ணன் கல்லாவில் இருந்த மனைவியை ஒரு முறை பார்த்தார். பையிலிருந்து வலது கையை எடுத்துக் கண்ணாடி அலமாரியின் மேல் வைத்தார். விரலில் இருந்த மோதிரம் கண்ணாடியில் பட்டு டிக் டிக் டிக் என்று அடித்தது. வாட்ச்காரருக்குப் பழக்கமான சத்தம்தான். ஆனால் அவர் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று.

"தங்கச்சி வெட்டினா," என்றார் அண்ணன். "நான் சுத்தினேன்."

அண்ணி எழுந்துவந்தாள். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. பிறகு திரையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

ரிப்பன் அக்கா வெளியே வந்தாள். "தெரியும் அண்ணி."

"அதான் அகல ரிப்பன்."

"ம்."

"நான் வேற ஊர் பூரா பீத்திக்கிட்டேன்" என்றாள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நாத்தனாரோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள், பேசமாட்டாள். வாட்ச்காரர் அந்தக் குறுகின தொப்பியைப் போட்டுக்கொண்டே பேரனைப் பார்க்கப் போனார். போகும்போது அண்ணனின் தோளில் ஒரு அடி வைத்தார், சற்று ஓங்கியே.

அதன் பிறகு ரொம்ப நாள் அண்ணன் சுற்றினார், அவள் வெட்டினாள். வாய் மட்டும் ஓயவில்லை. "கட்டையைத் தூக்காதே. அவசரம் என்ன, பஸ்ஸா போயிடும்?"

"நீங்க சுத்துங்க, பேசாதீங்க."

"சுத்துறதுக்கு வாய் எதுக்கு, சும்மாதானே இருக்கு."

வேலை இல்லாத நேரத்தில் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். உட்கார் என்றால் உட்காரமாட்டார். கைநடுக்கம் காலுக்கு இறங்கி, காலிலிருந்து பேச்சுக்கு ஏறி, கடைசியில் அவரைப் படுக்கவும் வைத்தது. போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு யாரும் மொட்டை ஓரம் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சாம்பல் நிறத் தொப்பி, மொட்டைதான் வேண்டும் என்றார். அண்ணி ஆர்டரை வாங்கிவைத்துவிட்டாள்.

மரத்தலையைச் சுற்ற ஆள் இல்லை. அண்ணி சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிதானம் வரவில்லை, பேசிக்கொண்டே நிறுத்திவிட்டாள். கடைசியில் ரிப்பன் அக்கா இடது கையால் தொப்பியைப் பிடித்து வலது கையால் கத்தியை ஓட்டினாள், அந்தக் காலத்தில் அண்ணன் செய்ததைப் போலவே. முக்கால் சுற்று வந்ததும் கை மேலே போகவில்லை. நிறுத்தி, மாற்றிப் பிடித்து, முடித்தாள்.

விரலை ஓட்டினாள். பின்பக்கம், இடது ஓரத்தில், ஒரு சின்ன இடம் தட்டியது. உப்புத்தாளால் தேய்த்தாள். மறுபடி ஓட்டினாள். கண்ணுக்கு லேசாகத்தான் தெரிந்தது, விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. அதே இடம்.

எழுந்து ஜன்னல் வரைக்கும் போனாள். திரும்பிவந்தாள். ரிப்பன் சுருளை எடுத்து அளந்தாள், வைத்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். ஆவி வந்ததும் அணைத்தாள். அண்ணி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னதான் பண்றே? வாத்தியார் வர்ற நேரம் ஆச்சு."

"பின்னால ஒரு இடம் விழுந்திருக்கு அண்ணி."

"எங்க, காட்டு." அண்ணி விரலை ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். "ரிப்பன் கட்டி மூடிடேன். மனசை மாத்திக்கிட்டோம்னு நான் சொல்லிக்கிறேன்."

"கட்டலாம்."

கட்டவில்லை. தொப்பியைத் தூரிகையால் தட்டி, வாசல் பக்கத்துக் கொக்கியில் மாட்டினாள். மாட்டினதை இறக்கி, பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாள்.

"அப்படியே இருக்கட்டும் அண்ணி. போட்டிருக்கிறவருக்குத் தெரியாது. பின்னால வர்றவங்களுக்குத்தான் தெரியும்."

"பின்னால வர்றவன் வந்து உன்னையா கேப்பான்? கல்லாவுல உட்கார்ந்திருக்கிற என்னைத்தானே கேப்பான்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுப் போகாமல் கொக்கிக்குப் பக்கத்திலேயே நின்றாள், விரலை மறுபடி அந்த இடத்தில் வைத்தபடி.